ஒட்டுப்பாலில் உருட்டிய விண்வெளித் திட்டம்

நான் பயந்ததில் பாதி நடந்திருந்தால்கூட எங்கள் ஊர் கீரிப்பாறை இன்றைக்கு வரைபடத்தில் இருக்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில்தான். (எழுதாத பரீட்சையில் யாரால் தோற்க முடியும்?) பிறகு ரப்பர் எஸ்டேட்டில் மரம் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலை. அங்கேயும் மழை வருமோ, பஸ் வராதோ என்றே காலம் போனது.

மகள் சுபா கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது நாகர்கோவிலில் ஒரு போட்டி. விண்வெளிப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டு நடுவர்களுக்கு விளக்க வேண்டும். ஜெயிக்கிற ஒருவருக்கு விண்வெளி மையத்தில் பயிற்சி. ஆறு மாதம் அவள் பாடுபட்டு வரைந்த படங்கள் எல்லாம் ஒரு பென்டிரைவில் இருந்தன.

அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. எஸ்டேட் பஸ் கூரையும் ஒழுகும், சன்னலும் ஒழுகும். அவள் குளிக்கப் போன நேரத்தில் பென்டிரைவை பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, மேலே ஒட்டுப்பாலை இறுகச் சுற்றி உருட்டினேன். மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் சிரட்டையில் ஒட்டி உறைந்துபோகும் ரப்பர் பால் அது. சின்ன வயதில் நாங்கள் பந்து செய்ததும் அதில்தான். கடலில் போட்டாலும் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. (நாற்றம் வெளியே வராது என்று சொல்லவில்லை.)

பென்டிரைவு பத்திரமாக என்னிடம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லி, நானும் கூடவே போனேன். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் பந்தைப் பெருமையோடு நீட்டினேன்.

“என்னப்பா இது?”

“பென்டிரைவு மக்ளே. நனையாதுல்லா!”

“என்னத்தப்பா செஞ்சு வச்சிருக்கிய?”

மெயிலில் ஒரு நகல் இருந்ததாம். அதைத் திறக்கும் எண் என் போனுக்குத்தான் வரும். போனை மழைக்குப் பயந்து வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அரங்கத்து ஊழியர் கத்தி கொண்டுவந்தார். “பாத்து அண்ணாச்சி, உள்ள சாதனம் இருக்கு.”

இருபது வருஷம் மரப்பட்டையை நூலிழை பிசகாமல் வெட்டிய கை அன்றைக்கு ஒரே வெட்டாக இறக்கிவிட்டது. பந்து இரண்டாகப் பிளந்தது. பென்டிரைவும்தான். நடுவர் அம்மா ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சுபா என் முகத்தைப் பார்க்கவில்லை. மேடைக் கரும்பலகையிடம் போய்ச் சாக்பீஸை எடுத்தாள். சூரியனை வரைந்தாள், பூமியை வரைந்தாள், வேறு நட்சத்திரத்திலிருந்து நம் பக்கம் வந்து போகும் ஒரு கல்லின் வழியை வரைந்தாள். அது கண்ணில் பட்டபிறகு ராக்கெட் கட்டினால் பிடிக்க முடியாது; விண்கலத்தை முன்கூட்டியே அனுப்பி அங்கே காத்திருக்க வைக்க வேண்டும் என்றாள். எனக்கே புரிந்தது.

“நீ எதிர்பார்க்காத ஆபத்து எது?” என்று கேட்டார் அந்த நடுவர்.

“எங்க அப்பா, மேடம்.”

அரங்கமே சிரித்தது. நான் நாற்காலிக்கடியில் போக இடம் தேடினேன்.

“விளையாட்டுக்குச் சொல்லல்ல மேடம். ஒண்ணும் ஆயிரப்பிடாதுன்னு பாத்துப்பாத்துச் செஞ்சதே ஆபத்தாயிப் போச்சு. கலத்துக்கும் மூடிமேல மூடி போட்டா, சமயத்துக்கு கேமரா திறக்காது. என் திட்டத்துல இதை எழுதாம விட்டுட்டேன்.”

நடுவர் மூக்கிலிருந்து கையை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். பயிற்சி அவளுக்குத்தான் கிடைத்தது.

இப்போது சுபா வெள்ளிக் கிரகப் பயணம் ஒன்றைத் திட்டமிடும் குழுவில் இருக்கிறாள். என்னென்ன கெட்டுப்போகலாம் என்று அவர்கள் பட்டியல் போடுவார்களாம். அளவுக்கு மீறிய பாதுகாப்பால் வரும் கேட்டுக்கு அதில் தனி வரி. தமிழ் தெரியாதவர்கள்கூட அந்த வரியை ‘அப்பா’ என்றுதான் சொல்கிறார்களாம்.

“உலகத்துல போதாதுன்னு வெள்ளிக் கிரகத்துலயும் மானம் போச்சா!” என்று என் வீட்டுக்காரி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கு இப்போது ஒரே கவலைதான்: அந்த வரியை யாராவது அழித்துவிடுவார்களோ?