களியோடைப் பாலத்தில் மடிந்த கார்

ஒரு தொழில் ஒழுங்காகத் தெரிந்தவனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒன்றுமே தெரியாதவனாலும் இல்லை; அவன் பேசாமல் வீட்டில் இருப்பான். ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, அதற்குப் பக்கத்துத் தொழிலும் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறானே, அவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் சாய்ந்தமருதில் அப்படி ஒருவன் இருந்தான். பாடசாலையில் மரவேலை படிப்பித்தான். இரும்பு என்பது கொஞ்சம் மெல்லிய பலகை, அவ்வளவுதான் என்று நம்பினான். அவன் நான்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு பெட்டி உளியோடும் சுலைஹாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமி முன்பே மௌத்தாகிவிட்டார். வீட்டில் சுலைஹாவும் அவளுடைய வாப்பாவும்தான். மாமா வட்டவிதானையாக இருந்தவர். யாருடைய வயலுக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் திறப்பது என்பது அவருடைய ஒரு சொல்லில் இருந்தது. அவரிடம் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. ஆமை முதுகு, நாலு கதவு. வயல் வரம்பு வரைக்கும் அதில்தான் போவார். திரும்பி வந்து இறங்கும்போது அவருடைய வெள்ளைச் சாரனில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. (எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான் வயலை நினைத்தாலே காற்சட்டையில் சேறு படும்.)

கலியாணம் முடிந்த அடுத்த வருஷம் பாரிசவாதம் அவருடைய வலது பக்கத்தை எடுத்துக்கொண்டது. பேச்சு மிஞ்சியது, அதுவும் ஒரு பக்க வாயால்.

ஒரு வெள்ளிக்கிழமை வாடகைக்கு வேன் பிடித்து அவரை ஜும்ஆவுக்குக் கூட்டிப்போனோம். பள்ளிவாசல் முன்னால் நாலு பேர் சேர்ந்து நெல் மூட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கினார்கள். தூக்கியதில் சாரன் நழுவிவிட்டது. நான் பாய்ந்து பிடித்தேன், ஆனால் பிந்திவிட்டேன். முன்பு அவரிடம் தண்ணீர் கேட்டு நின்ற விவசாயிகள் எல்லாரும் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் அவரை முறித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாசல்படி தாண்டவில்லை.

மாமாவுக்கு ஒலுவிலில் ஒரு ராத்தா, மூத்த சகோதரி, இருந்தார். சிறு வயதில் தாயை இழந்த பிள்ளைகள்; ராத்தாதான் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். நாங்கள் அவரை ஒலுவில் மாமி என்போம். அவரும் படுக்கையில் விழுந்துவிட்டார், தம்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபடி இருக்கிறார் என்று ஆள் மூலம் செய்தி வந்தது.

"வேன் ஒண்டு பிடிப்பமா வாப்பா?" என்று சுலைஹா கேட்டாள்.

"வேணாம் புள்ள. ராத்தாட ஊருச்சனம் பாக்க என்னத் தூக்கி இறக்கவா? நானா ஏறி நானா இறங்குற மாதிரி வாகனம் இருந்தாச் செல்லு, வாறன்."

சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுலைஹா குசினிக்குள் போனாள். அவள் அங்கே அழுகிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் முற்றத்துக்குப் போய்க் காரைப் பார்த்தேன்.

கார் மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. கடற்காற்று அதைத் தின்றுகொண்டிருந்தது. கதவு ஒடுக்கம்; மாமாவால் குனிந்து காலை மடக்கி உள்ளே போக ஏலாது. அப்போதுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (சுலைஹா இந்த இடத்தில் "அங்கதான் பிழைச்சது" என்பாள்.) முன் கதவையும் பின் கதவையும் ஒன்றாக்கி அகலமான ஒரு வாசல் வைத்தால்? நாற்காலியிலிருந்து ஆசனத்துக்கு வழுவழுப்பான ஒரு பலகையைப் போட்டால்? அவர் இடது கையை ஊன்றி, தானே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். மட்டக்களப்பில் ஒரு முறை பின்பக்கம் மரச்சட்டம் வைத்த மொறிஸ் மைனர் ஒன்றைக் கண்டிருந்தேன். செய்தவனே மரம் வைத்திருக்கிறான், நான் வைத்தால் என்ன?

பாடசாலை விடுமுறை முழுவதும் முற்றத்திலேயே கிடந்தேன். முதலில் இரும்பில் ஏறியிருந்த துருவை, கறளைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்டக் கார் குறைந்துகொண்டே வந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் சுத்தியல் உள்ளே போய்விடும். கதவுகளுக்குக் கீழே, காரின் நீளத்துக்கு, பெட்டி போல ஓடும் இரும்புக்குள்ளே இருந்தது இரும்பே இல்லை, சிவப்புத் தூள். தூளை அள்ளிக் கொட்டிவிட்டு அந்த இடத்தில் முதிரைப் பலகையைச் செருகினேன். மேலே தகரம் அடித்துப் பட்டி பூசித் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. நானே நின்று நின்று தடவிப் பார்த்தேன்.

அடுத்தது, இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண். வீட்டுக் கூரையைத் தாங்கும் தூணை அறுக்கக் கூடாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். காரில் அதே தூண் எனக்கு வழியை மறிக்கும் ஒரு இரும்பாகத்தான் தெரிந்தது. அறுத்து எடுத்துவிட்டேன். அந்த அகல வாசலுக்கு முதிரை மரத்தில் அலுமாரிக் கதவு போல இரட்டைக் கதவு செய்து மாட்டினேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல மூட்டு நான் போட்டதில்லை. கடைசியாக, தோணிக்குப் பூசும் நீலப் பெயின்ரை வாங்கி முழுக் காருக்கும் தூரிகையால் பூசினேன்.

மாமாவை நாற்காலியோடு வெளியே கொண்டுவந்து காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மருமகன், இத றோட்டுலயா விடப்போறீங்க, கடல்லயா?"

நான் தனியாகக் கல்முனைச் சந்தி வரை ஓட்டிப் பார்த்தேன். கார் நன்றாகத்தான் ஓடியது. (அப்போது என் நிறை ஒரு உளிப்பிடி அளவுதான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

புறப்படுகிற காலையில் மாமா வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக நாற்காலியில் இருந்தார். பலகையைப் போட்டேன். அவர் இடது கையை ஊன்றினார். நகர்ந்தார். நின்று மூச்சு வாங்கினார். நான் கை நீட்டினேன். சுலைஹா கண்ணால் தடுத்தாள். மறுபடியும் நகர்ந்தார். ஆசனத்துக்கு வந்துவிட்டார். யாரும் தொடவில்லை. சாரனைத் தானே சரி செய்துகொண்டு, முன் கண்ணாடி வழியாக வீதியைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் துடித்தது.

"கதவ அடைங்க மருமகன். ராத்தா காத்திட்டிருப்பா."

அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை கார்களை வேண்டுமானாலும் அறுத்திருப்பேன்.

மாமா கனமான மனிதர். பின்னால் சுலைஹா. அவளுக்குப் பக்கத்தில் ஒலுவில் மாமிக்கென்று புது அரிசி ஒரு மூட்டை, ஒரு குலை வாழைப்பழம், இரண்டு முட்டி எருமைத் தயிர், தேங்காய்கள். காரைதீவு தாண்டும்போது என் பக்கத்துக் கதவு கொஞ்சம் இறுகியது போலப் பட்டது. நிந்தவூரில் கூரை முனகியது. நான் உரக்கக் கதைத்து அந்தச் சத்தத்தை மறைத்தேன். மாமா எதையும் கவனிக்கவில்லை. வழியில் தெரிந்த வயல்களை எல்லாம் பார்த்து, யாருடைய வரம்பு உடைந்திருக்கிறது, யார் பிந்தி விதைத்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நோய் வந்த பிறகு அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

களியோடைப் பாலத்துக்கு வீதி மேடாக ஏறும். அந்த மேட்டில் கார் முன் சக்கரத்தை வைத்தது. 'மடக்' என்று ஒரு சத்தம். நான் பார்த்துக்கொண்டிருக்கவே காரின் மூக்கு மேலே எழும்பியது, பின்பக்கமும் மேலே எழும்பியது, நாங்கள் மட்டும் நடுவில் கீழே போனோம். வயிறு தார் வீதியைத் தொட்டு நின்றது. தயிர் முட்டிகள் உடைந்து, தயிர் என் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது.

நான் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மருமகன்," என்றார் மாமா, "தோணி தரை தட்டிற்றுப்போல."

என் கதவு திறக்கவில்லை. சுலைஹாவின் பக்கத்துக் கதவும் திறக்கவில்லை. மடிந்த கார் எல்லாக் கதவுகளையும் பல்லால் கடித்ததுபோல் பிடித்துக்கொண்டது. நான் ஜன்னல் வழியாக வெளியே வரப்போய், பாதியில் இறுகி, தயிர் வடியும் தலையோடு வீதிக்குத் தொங்கினேன். ஆற்றில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து என்னை இழுத்து எடுத்தார்கள். ஜன்னல் என் காற்சட்டையில் ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஒருவர் கோடரி கொண்டுவந்து மாமாவின் பக்கத்து மரக் கதவைக் கொத்தினார். கோடரி தெறித்தது. இன்னொருவர் கொத்தினார். அதுவும் தெறித்தது. அந்தக் காரில் உறுதியாக இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

"ஆருகா இந்தக் கதவு செஞ்ச?" என்று கொத்தியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

வெயில் ஏறியது. கார் அடுப்பாகியது. சுலைஹா முந்தானையால் வாப்பாவுக்கு விசிறினாள். எங்கேயோ பகல் தொழுகை லுஹருக்கு வாங்கு சொல்வது கேட்டது. மாமா ஒரு தடவைகூட என்னைக் கோபிக்கவில்லை. "ராத்தா சாப்பிடாமக் காத்திட்டிருப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசியில் சுலைஹாதான் உள்ளே இருந்து கத்தினாள். "நடுவால தூக்குங்க! நடுவுல தூக்கினாக் கதவு விடும்!"

வலைகாரர்கள் எல்லாரும் தோளைக் கொடுத்துக் காரின் வயிற்றைத் தூக்கினார்கள். கதவு இரண்டும், யாரோ வரவேற்பதுபோல், தாமாகவே விரிந்தன. காரைத் தோளில் தாங்கியபடியே அவர்கள் "கெதியா! கெதியா!" என்று கத்தினார்கள். மாமாவைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். சுலைஹா அவருடைய முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"பாத்திட்டு நிக்காதீங்க," என்றார் மாமா. "தூக்குங்க. சாரனைப் பிடி புள்ள."

வைக்கோல் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு உழவு மெசின் ஒன்று அந்த வழியே வந்தது. ஓட்டி வந்தவர் வினாயகபுரத்துத் தமிழர். விஷயத்தைக் கேட்டதும் வைக்கோலில் பாதியை வீதியோரம் இறக்கிவிட்டு, "பெட்டியில ஏத்துங்க காக்கா, நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். மாமா வைக்கோலின் மேல் சாய்ந்து கிடந்தார். தொப்பியில் வைக்கோல். நான் அவருடைய கால்மாட்டில், கிழிந்த காற்சட்டையை மூடிக்கொண்டு, தயிர் காய்ந்த தலையோடு இருந்தேன்.

ஒலுவிலுக்குப் போய்ச் சேரும்போது பின்னேரம், அஸர் ஆகிவிட்டது. காலையிலேயே மாமி தன் கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிவைக்கச் சொன்னாராம். வீதியைப் பார்த்துப் பார்த்துக் களைத்து, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். மெசின் சத்தத்தில் கண்ணை விழித்தார்.

"என்னகா, நெல்லா வந்திருக்கு?"

"நெல்லில்ல ராத்தா," என்று மாமா வாசலில் இருந்தே சொன்னார். "நான்தான்."

அவரைத் தூக்கிவந்து மாமியின் கட்டிலிலேயே இருத்தினோம். மாமி, தம்பியின் செத்த வலது கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார்.

"உன்ட கார் எங்க தம்பி?"

"களியோடையில மடங்கிப் படுத்திட்டு. மருமகன் அலுமாரி செஞ்சி தந்தாரு, அதுக்குள்ள இருந்து வந்தன்."

மாமி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பிறகும் சிரிப்பானது. மாமா ஒரு பக்க வாயால் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் வெளியே போய் மெசின்காரரோடு நின்றுகொண்டேன். அவர் இருட்டுமுன் திரும்ப வேண்டியவர். மஃரிபுக்கு முதல் நாங்கள் புறப்பட்டுவிட்டோம்.

ஒரு முழுப் பகல் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு துண்டுதான் கிடைத்தது. அடுத்த மாதம் மாமி மௌத்தாகிவிட்டார். செய்தி வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேன் பிடிப்பதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாமாதான் சொன்னார்: "அந்த மெசின்காரத் தம்பியக் கூப்பிடுங்க. பெட்டியில வைக்கோல் போடச் சொல்லுங்க." ஊர் பார்க்க, பகல் வெயிலில், பெட்டியில் படுத்துக்கொண்டு அவர் ராத்தாவின் ஜனாஸாவுக்குப் போனார். யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று அவர் பார்க்கவில்லை.

காரை யாரோ பழைய இரும்புக்கு எடுத்துப்போனார்கள். அந்தக் களியோடைப் பயணத்தைப்பற்றி மாமா என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து, ஒரு நோன்பு மாதத்தில், அவரும் போனார்.

குளிப்பாட்டிக் கபன் துணியிட்டு, பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்குப் பெட்டியில் வைத்தாயிற்று. தூக்குவதற்கு முன் பெண்கள் கடைசியாக முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தூக்கின் ஒரு கால் லேசாக ஆடியதை நான் கவனித்தேன். ஆடும் மரத்தைக் கண்டால் என் கை சும்மா இராது. அழுதுகொண்டே குனிந்து அந்தக் காலைப் பிடித்தேன்.

"இஞ்ச பாருங்க," என்றாள் சுலைஹா. அழுது அழுது அவளுடைய குரல் அடைத்திருந்தது. "அல்லாக்காக, நீங்க கை வெக்காதீங்க."

 பிறகு யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சுலைஹாவும் குலுங்கினாள். அழுகை எது, சிரிப்பு எது என்று தெரியாமல் எல்லாப் பெண்களும் குலுங்கினார்கள். இப்போது என் பேரப்பிள்ளைகள்கூட, அந்தக் காரை ஒருநாளும் காணாதவர்கள், நான் ஒரு மின்குமிழை மாற்றப் போனாலும் 'அல்லாக்காக, நீங்க கை வெக்காதீங்க' என்றுதான் சொல்கிறார்கள்.

நான் கையை எடுத்துவிட்டேன். வேறு யாரோ ஒருவர் ஆப்பு அடித்து இறுக்கினார். மாமா அந்தப் பயணத்தை மட்டும் வழியில் எங்கும் நில்லாமல் போய்ச் சேர்ந்தார்.