பன்னிரண்டே நாளில் தீர்ந்த வருஷம்

ஒரு முழு வருஷத்தைப் பன்னிரண்டே நாளில் தீர்த்துக்கட்டியவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எப்படியும் என் வீட்டார் உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள்.

அப்போது எனக்கு இருபது வயது. பொட்டிபுரத்தில் சோளமும் கம்பும் விதைத்துவந்த எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். ஊரில் மாட்டுக்குக் கழிச்சல் என்றால்கூட "படிச்ச பையன்கிட்டக் கேளு" என்பார்கள். (நானும் கூச்சமே இல்லாமல் பதில் சொல்வேன். மாடுகள் என்னையும் மீறிப் பிழைத்துக்கொண்டன.)

போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் கடிதம் எழுதும் வேலை கிடைத்தது. முதலாளி ஒரு ராவுத்தர். நல்ல மனுஷர், வெற்றிலையும் வாயுமாக இருப்பார். அந்த வருஷக் கடைசியில் அவருக்கு ஒரு கவலை. மலைமேல் பெரிய தோட்டம் ஒன்றின் சொந்தக்காரர், தன் காயைப் பக்கத்து மண்டிக்கு மாற்றிக் கொடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்தத் தோட்டத்துக் காய் போனால் எங்கள் மண்டியில் பாதி வேலை இல்லை. பாதி வேலை இல்லையென்றால், கடைசியாகச் சேர்ந்த நானும் இல்லை.

புது வருஷத்துக்கு ஏதாவது கொடுத்து அவர் மனசைப் பிடிக்க வேண்டும். எல்லா மண்டிக்காரர்களும் காலண்டர்தான் கொடுப்பார்கள். அதே முருகர், அதே மயில், கீழே மண்டிப் பெயர் மட்டும் வேறு. அதற்கும் கீழே, தினம் ஒன்றாகக் கிழிக்கிற தேதித்தாள் கட்டு. அந்தத் தோட்டத்து ஆபீசில் ஏற்கெனவே எட்டு முருகர் இருந்தார்கள்.

நான் முன்னால் போய் நின்று, கேட்காமலே யோசனை சொன்னேன். முருகர் வேண்டாம். நானே மலைக்குப் போய் அவருடைய தோட்டத்தைப் போட்டோ எடுக்கிறேன். மாசத்துக்கு ஒரு படம். உலகத்தில் அவர் ஒருத்தருக்கு மட்டும் ஒரு காலண்டர்.

முதலாளி வெகுநேரம் மென்றார். பிறகு, "முருகர் நமக்கு இதுவர ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல தம்பி," என்றார். அதைத் தாண்டி அவர் தடுக்கவில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் பெட்டிக் கேமராவை இரவல் வாங்கி, லோடு ஜீப்பில் மூட்டைமேல் உட்கார்ந்து ஏறினேன். அதுவரை அந்த மலையைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். போடிமெட்டு வளைவுகளைத் தாண்டியதும் மஞ்சு என்கிற பனிமூட்டம் வந்து ஜீப்பை அப்படியே விழுங்கிற்று. சற்றுக் கழித்து அது விலகியபோது, நான் பிறந்த ஊர், படித்த ஊர், வேலை பார்க்கும் ஊர் எல்லாம் காலுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அளவுக்குக் கிடந்தன. இவ்வளவு சின்ன இடத்திலா நான் இவ்வளவு பெரிய ஆளாக நடமாடினேன் என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். (வாய்க்குள் பனி போய் மூன்று நாள் இருமினேன்.)

ரோலுக்குப் பன்னிரண்டு படம், வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம். இதைக் கடவுளே எனக்காகப் போட்ட கணக்கு என்று நினைத்தேன். ஆகாயத்தைத் தாங்குகிற மரங்கள், அவற்றின் காலடியில் ஏலச்செடி, தண்டின் அடியில் ஒளிந்து பூக்கிற வெள்ளைப் பூ, பங்களா வாசலில் கைகட்டி நின்ற தோட்டத்துச் சொந்தக்கார ஐயா என்று பதினொன்றும் தேறின. ஒன்றில் மட்டும் என் கட்டைவிரல் குறுக்கே வந்து, பெரிய சாம்பல் மேடாக விழுந்திருந்தது. மாற்றுப் படம் இல்லை. அதை ஜூனுக்குத் தள்ளிவிட்டேன். மழைக்காலம், யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டுடியோவின் சிவப்பு வெளிச்சத்தில், தட்டுத் தண்ணீரில் கிடந்த வெறும் தாளில் அந்த மலை மெல்ல மெல்லக் கிளம்பி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய படங்களாகப் போட்டு, கீழே தேதிகளை என் கையாலேயே எழுதினேன். அத்துடன் விட்டிருக்கலாம். மாசம் முடிந்தால் சுத்தமாகக் கிழிக்க வரவேண்டுமே என்று தையல்காரரிடம் கொண்டுபோய், நூலில்லாத ஊசியால் ஒவ்வொரு தாளின் மேல்விளிம்பிலும் வரிசையாகத் துளை போடவைத்தேன். தொட்டால் கையோடு வந்தது. அவ்வளவு வசதி.

டிசம்பர் கடைசியில் தோட்டத்து ஆபீசில் எட்டு முருகரையும் இறக்கிவிட்டு அதை மாட்டினோம். ஐயா நெடுநேரம் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். நான் அங்கிருந்தவர்களுக்கு வெளிச்சம், நிழல், கோணம் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். மாசத்துக்கு ஒரு தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. பார்த்தாலே தெரியுமே என்று நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். அதைப் பற்றியும் நான் நினைக்கவில்லை.

போகியன்று காலையில் மண்டி முழுக்க ஆள். மேலிருந்து வந்த ஜீப்பிலிருந்து மொக்கையன் கங்காணி இறங்கினார். தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரியவர். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"வருசம் தீந்துபோச்சு அப்பு. அடுத்தத வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். தினம் காலையில் ஆபீசைத் திறந்ததும் நேற்றைய தாளைக் கிழிப்பது அவர் சோலி. பதினாறு வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. இந்தத் தடவையும் தவறவில்லை. இன்று காலையோடு அட்டை மட்டும் பாக்கி.

"படம் பெருசு, கட்டு சின்னது. நானும் பாத்தேன். படிச்ச பிள்ள செஞ்சது, காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்," என்றார்.

மண்டியே சிரித்தது. மூட்டை சுமக்கிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. பொங்கலுக்கு ஆட்களுக்குத் துணி கொடுக்க ஐயா நாளைக்கு வருகிறாராம்.

"தம்பி, வெரசா ஏறு. அவரு வர்றதுக்குள்ள வருசத்தத் திரும்ப ஒட்டு. இல்லாட்டி அப்படியே பொட்டிபுரம் போயிரு."

ஒரு டப்பா கோந்தோடு அதே ஜீப்பில் ஏறினேன். வழியில்தான் மீதியும் தெரிந்தது. அவ்வளவு அழகான தாளைக் குப்பையில் போட மொக்கையனுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு முதலில் வேலைக்கு வருகிற ஆளுக்கு அன்றைய தாள் என்று வைத்துவிட்டார். விடியுமுன்னே குளிரில் கூட்டம் நின்றதாம்.

ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். பன்னிரண்டு வீட்டுச் சுவரில் என் பன்னிரண்டு மாசமும் கஞ்சிப் பசையில் இறுகி உட்கார்ந்திருந்தன, குங்குமப் பொட்டோடு. முதல் வீடு பேச்சியம்மாளுடையது. அவள் சுவரில் பிப்ரவரி. அடிவாரத்திலிருந்து நான் எடுத்த முழு மலை. மூலையில் நகத்தை வைத்து லேசாக நெம்பினேன்.

"இது எந்த ஊரு மலை தம்பி?" என்றாள்.

"இதுதான். நீங்க இருக்கிற மலை."

அவள் கிட்டே வந்தாள். பிறந்ததிலிருந்து மரத்தடியில் குனிந்து காய் எடுத்தவள், மலையை வெளியே நின்று பார்த்ததில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்டாள். உச்சிக்குக் கீழே ஒரு மேகத்தைக் காட்டினேன்.

"இம்புட்டுப் பெருசுக்குள்ளயா இருக்கோம்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அந்த மேகத்தைத் தொட்டாள்.

நான் நெம்பிய மூலையை நானே கோந்து வைத்து ஒட்டிவிட்டு வந்தேன். மற்ற வீடுகளிலும் அதையேதான் செய்தேன். கோந்து தீர்ந்தது.

மறுநாள் பொங்கல். ஐயா வந்து அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மொக்கையனைப் பார்த்தேன். அவர்தான் பதில் சொன்னார்.

"காலண்டரு லயத்துல இருக்குங்கய்யா. பன்னெண்டு வீட்டுல."

ஐயா எழுந்து நடந்தார். அந்த லயத்துக்குள் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. படம் உள்சுவரில் இருந்ததால் குனிந்துதான் போகவேண்டும். குனிந்தார். பொங்கலன்று வீட்டுக்குள் வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவார்களா? முதல் வீட்டில் ஒரு இலை சர்க்கரைப் பொங்கல். அடுத்த வீட்டில் ஒரு இலை. பின்னால் போன எனக்கும் ஒரு இலை. மாசங்களும் வரிசையாக இல்லை. பிப்ரவரிக்கு அடுத்து ஆகஸ்ட், ஆகஸ்டுக்கு அடுத்து மார்ச்.

ஏழாவது வீட்டு வாசலில் ஐயா என் காதருகே குனிந்தார். "வருசத்துக்கு எத்தன மாசம்?"

"பன்னெண்டுங்கய்யா."

"குறைக்க முடியாதா?"

ஜூன் மாசத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. இது என்ன என்று கேட்டார். வீட்டுக்காரர் பயபக்தியோடு, "ஆனைங்கய்யா. மஞ்சுக்குள்ள நிக்கிது," என்றார். ஐயா உற்றுப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து மறைத்துக்கொண்டேன்.

கடைசி வீடு மொக்கையனுடையது. ஜீப்பைப் பிடிக்கப் போகியன்று அவரே முதலில் வந்ததால் டிசம்பர் அவருக்கு. டிசம்பரில் கைகட்டி நின்றவர் ஐயாவேதான். சுவரில் ஒரு பெரிய விரிசல், அதன்மேல் குறுக்காக அவரை ஒட்டியிருந்தது. என் வேலை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த ஓட்ட வழியாக் குளிர்காத்து வரும்ங்கய்யா. நீங்க நிக்கவும் இப்ப வர்றதில்ல," என்றார் மொக்கையன், நன்றியோடு.

ஐயா தன் படத்தின் ஓரத்தில் கையை வைத்தார். காற்று உந்தியதில் படத்திலிருந்த அவர் வயிறு உப்பித் தணிந்தது. (நிஜ வயிறு தணியும் நிலையில் இல்லை.) எத்தனை வீட்டில் இப்படி என்று கேட்டார். எல்லா வீட்டிலும்தான் என்றார் மொக்கையன். அறுவடை முடிந்ததும் கொத்தனாரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு ஐயா என் பக்கம் திரும்பினார்.

"ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லு. காய் அங்கதான் வரும். ஆனா அடுத்த வருசம் முருகரே போதும். இன்னொரு வருசத்த இந்த வயிறு தாங்காது."

என் வேலை தப்பியது. மானம் தப்பவில்லை. கதை என்னை முந்திக்கொண்டு ஊருக்குப் போயிற்று, பெண் பார்க்கப் போன வீட்டுக்கும் போயிற்று. இன்றும் எங்கள் வீட்டில் புதுச் சோப்பு ஒரு வாரத்தில் கரைந்தால் யாரும் சோப்பைத் திட்டுவதில்லை. "மாசம் பொறந்திருச்சு" என்பார்கள்.

என் மகள் கணக்கு டீச்சர். எனக்கு அறுபது நிறைந்த அன்று, விழாவுக்கு வந்த சபையின் முன்னால் பன்னிரண்டு நாளுக்கு ஒரு வயதாகக் காகிதத்தில் கூட்டிப் பெருக்கி, மொக்கையன் கங்காணி காலண்டர்ப்படி அப்பாவுக்கு ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து வயது என்று அறிவித்தாள். ஏற்கெனவே காலில் விழுந்து எழுந்திருந்தவர்கள் எல்லோரும், அந்த வயதுக்குரிய மரியாதை போதவில்லை என்று, வரிசையில் நின்று மறுபடியும் விழுந்தார்கள்.