வெயில் காய ஓர் உத்தரவு

தில்லியில் உள்ள எங்கள் அரசு அலுவலகத்தில் ஊழியர்கள் மன அழுத்தத்தால் வாடுகிறார்கள் என்று மேலிடத்துக்குத் தோன்றியது. மேலிடத்துக்குத் தோன்றிவிட்டால் அது உண்மைதான். உடனே 'மன அழுத்த மதிப்பீடு மற்றும் மேலாண்மைப் பிரிவு' தொடங்கப்பட்டது. அதற்கு இயக்குநராகக் கோபாலன் வந்தார். அவருக்கு ஓர் அறை, ஒரு ஹீட்டர், வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் கிடைத்தன. அழுத்தம் மட்டும்தான் பாக்கி.

அது ஜனவரி மாதம். தில்லி அலுவலகங்களில் குளிர்காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் புல்வெளிக்குப் போய் வெயில் காய்வோம். வேர்க்கடலை உடைப்போம், ஆரஞ்சு உரிப்போம், மேலதிகாரிகளைத் திட்டுவோம். எங்கள் அம்பிகா அங்கே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள். மயூர் விஹாரில் விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, மெட்ரோவில் நின்றபடி வந்து, நின்றபடி திரும்புகிறவள். அவள் காலை நீட்டி உட்காருவது அந்த நேரத்தில் மட்டும்தான். பார்க்க எனக்கே நிம்மதியாக இருக்கும்.

மதிப்பீடு தொடங்கியது. கோபாலன் முதலில் அம்பிகாவை அழைத்தார்.

"தலைவலி வருமாம்மா?"

"காலைல வரும் சார். மத்தியானம் வெயில்ல உட்கார்ந்தா போயிடும்."

"எரிச்சல், கோபம்?"

"அதுவும் அங்கேயே போயிடும் சார். உங்களைப் பத்தியெல்லாம் பேசுவோமே."

அடுத்து வந்த இராஜமாணிக்கமும் இதையே சொன்னார். அவருக்கு அடுத்துப் போன நானும் இதையே சொன்னேன். மாலைக்குள் அந்த அலுவலகத்தில் அழுத்தம் உள்ள ஒரே மனிதர் கோபாலன்தான் என்று ஆகிவிட்டது.

"அழுத்தமே இல்லேன்னா இந்தப் பிரிவு எதுக்குன்னு மேல கேப்பாங்க. அளக்கறதுக்கு முன்னாடியே நீங்கள்லாம் குணமாயிடறீங்க. இது முறையில்லை," என்று எங்களைக் கடிந்துகொண்டார்.

மறுநாளே உத்தரவு வந்தது. மதிப்பீடு செம்மையுற நடைபெறும் பொருட்டு, மறு உத்தரவு வரும்வரை புல்வெளியில் எவரும் பிரவேசிக்கலாகாது.

கைமேல் பலன் கிடைத்தது. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தலைவலி. இராஜமாணிக்கம் பிரிண்டரோடு சண்டை போட்டார். அம்பிகா பின்னிய ஸ்வெட்டரைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள். கோபாலன் முகத்தில் களை வந்துவிட்டது.

அடுத்தது மேலாண்மை. குருகிராமிலிருந்து ஜ்யோத்ஸ்னா என்ற நல்வாழ்வு நிபுணர் வந்தார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்களைக் கண்ணை மூடி உட்கார வைத்தார்.

"அச்சா, இப்போ கற்பனை பண்ணுங்க. இதமான வெயில். பச்சைப் புல். நீங்க காலை நீட்டி உட்கார்ந்திருக்கீங்க."

"கற்பனை எதுக்கு மேடம்? ஜன்னலுக்கு வெளியிலேயே இருக்கே," என்றாள் அம்பிகா.

அவளுக்கு அழுத்தம் முற்றிவிட்டதாக நிபுணர் குறித்துக்கொண்டார்.

அம்பிகா விடவில்லை. வெயிலும் வேர்க்கடலையும் வேண்டும் என்று மனு எழுதி எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். நிபுணர் அதற்கு 'சூரிய ஒளி சிகிச்சை' என்று பெயர் சூட்டியதும் கோபாலனுக்குப் பிடித்துப்போனது. கோப்பு மேலே போயிற்று. கடலை தோலோடா, தோலில்லாமலா என்று நிதிப் பிரிவு விளக்கம் கேட்டது. புல்லுக்கு ஆட்சேபம் இல்லை என்று தோட்டப் பிரிவு சான்று அளித்தது. எல்லாம் முடிந்து ஒப்புதல் வந்தபோது ஜூன் மாதம்.

அனைவரும் தினமும் மதியம் ஒரு மணி நேரம் வெயிலில் அமர்வது கட்டாயம். குடையும் தொப்பியும் சிகிச்சையின் பலனைக் கெடுக்கும் என்பதால் அனுமதியில்லை. அனல் காற்று அடித்தது. புல் என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. அம்பிகா நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள், தரை சுட்டது.

கோபாலன் வராந்தா நிழலில் நின்று மைக்கில் கேட்டார். "இப்போ யாருக்காவது அழுத்தம் இருக்கா? இருந்தா தயங்காம சொல்லுங்க. இன்னும் அரை மணி நேரம் நீட்டிக்கலாம்."

"இல்லை சார்," என்றோம் ஒரே குரலில்.

"முழு வெற்றி. இது நிலைச்சு நிக்குதான்னு டிசம்பர்ல மறுபடி அளப்போம். அப்போ வழக்கம்போல புல்வெளி மூடியிருக்கும். சரி, கைதட்டிட்டு நிழலுக்குப் போங்க."

அம்பிகா எழுந்து நின்று ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.