வளர்பிறையில் அடைத்த ஒயின்

தெர்னா மறுபடியும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு வாய்கூடவா இறங்கல?" என்றார் ஒரியானோ.

"போதும்."

"குருவிகூட இதைவிட அதிகமாத் தின்னும்."

"அப்போ குருவிக்குப் போடு."

கோழிச் சாறு ஆறிக்கொண்டிருந்தது. மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து, ஒவ்வொன்றாக மடித்து, ஒரியானோ தன் கையாலேயே செய்த, குட்டித் தொப்பி வடிவக் கப்பெலெத்தி அதில் மிதந்தது. அவற்றில் பாதி வாய் பிளந்திருந்தன. மடிக்கத் தெரியாத கைகள்.

குளிர்காலத்தில் வந்த நிமோனியா போய்விட்டது. போகும்போது தெர்னாவின் பசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. "நுரையீரல் சுத்தம். இனி மருந்து என்னிடம் இல்லை, உங்கள் அடுப்பில் இருக்கிறது. எப்படியாவது சாப்பிட வையுங்கள்" என்று சொல்லிவிட்டார் டாக்டர். அன்றிலிருந்து ஒரியானோவுக்குத் தன் வீடு ஒரு காலித் தட்டு மாதிரி இருந்தது. அவளுடைய மோதிரம் விரலில் தானாகச் சுழல்வதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரை கிளாஸ் ஒயினாவது குடிக்கட்டும் என்று ஊற்றிக் கொடுத்தார். சான்ஜொவேசே, நுரையில்லாத சிவப்பு. அவர் ஊரான ரொமாஞா மண்ணில் விளைந்தது. கூட்டுறவுக் கிடங்கில் பெட்ரோல் மாதிரி குழாயில் பிடித்துத் தருவார்கள், வீட்டில் பாட்டிலில் அடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ரொட்டி விலைதான். தெரு முழுக்க மதியம் அதைத்தான் குடிக்கிறது.

தெர்னா உதட்டை நனைத்துவிட்டு வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க ஊரா இருந்தா, இந்நேரம் மேசைல நுரை பொங்கிட்டிருக்கும்."

அவள் ஊர் மோதெனா பக்கம். ரயிலேறினால் ஒன்றரை மணி நேரம். ஒயின் விஷயத்தில் மட்டும் அது வேறு கண்டம். அங்கே சிவப்பு ஒயின் நுரைக்கும். லாம்ப்ருஸ்கோ. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டாள். ஒரியானோ சிரித்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

இப்போது அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. "நுரைக்கிற சிவப்பு ஒயினா? அது மருந்துக்கடை சோடா!" என்று காப்பிக் கடையில் மேசையைத் தட்டி முழங்கியே நரைத்தவர் அவர். லாம்ப்ருஸ்கோவோடு தெருவில் நடந்தால் மானம் போகும். தெர்னாவிடம் ஒத்துக்கொண்டாலோ, மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவாள். அவள் சாப்பிடவும் வேண்டும், தான் தோற்கவும் கூடாது.

யோசித்தார். திட்டம் பிறந்தது.

காரைப் பழுது பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பின் இருக்கையில் பெரிய கண்ணாடிக் குடுவை, யாரோ குண்டு அத்தை மாதிரி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. மோதெனாவில் வயிறு நிறைந்து திரும்பி வரும்போது அந்த அத்தை ஒவ்வொரு வளைவிலும் புஸ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டாள். நிலவறையில் இறக்கி, தன்னுடைய பழைய பாட்டில்களிலேயே நிரப்பினார்.

மறுநாள் மதியம் பாட்டிலைத் திறந்தார். ஊதா நுரை கிளாஸின் விளிம்பு வரை எழுந்து நின்றது.

தெர்னா நிமிர்ந்தாள். "இது என்ன?"

"நம்ம ஒயின்தான். ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன தப்பு?"

"பிறை."

அந்தப் பக்கத்து ஆட்கள் தேய்பிறையில்தான் ஒயினை பாட்டிலில் அடைப்பார்கள். வளர்பிறையில் அடைத்தால் உள்ளே நுரைத்துவிடும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். பூண்டு நடுவதிலிருந்து பாட்டில் அடைப்பது வரை, தெருவே பிறை கேட்டு வருவது ஒரியானோவிடம்தான்.

"நீயா? பிறையைத் தப்பாப் பார்த்தது நீயா?"

"மேகமா இருந்துச்சு."

"காலண்டர்லயுமா மேகம்?"

"கண்ணாடி போடாமப் பார்த்துட்டேன். விடேன்."

"சரி, தக்கை எங்க? இது சோடா மூடி. நுரைக்கிற ஒயினுக்குத்தானே இதைப் போடுவாங்க?"

ஒரியானோவுக்கு வியர்த்தது. "தக்கை தீர்ந்துபோச்சு."

"நிலவறைல ஒரு சாக்கு நிறைய இருந்துச்சே."

"அது... ஈரம்."

தெர்னா சட்டென்று ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மென்றாள். கிளாஸை எடுத்துக் குடித்தாள். மேலுதட்டில் ஊதா மீசை. மிச்சத்தை அப்படியே சூடான சாற்றில் ஊற்றினாள், அவள் ஊர்க்காரர்கள் ஊற்றுவதுபோல. ஒரியானோவுக்கு உடம்பு கூசியது. அவள் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தூக்கி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வைத்தாள்.

அவர் அவசரமாக எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றார்.

"என்ன தேடுற?"

"உப்பு."

"உப்பு உன் தட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, ஒரியானோ."

"அப்படியா?" என்றார், திரும்பாமலே.

அந்த வாரத்திலேயே தெர்னா ஜன்னல் வரை நடந்தாள். ஜன்னலைத் திறந்தாள். வாயையும் திறந்தாள்.

"லெயார்கோ! கேட்டியா சங்கதிய? எங்க வீட்டுப் பிறை நிபுணர் வளர்பிறைல பாட்டில் அடைச்சுட்டாரு!"

எதிர்வீட்டு லெயார்கோ தோட்டத்தில் குழாயைக் கீழே போட்டுவிட்டான். "யாரு, ஒரியானோவா? எனக்குக் கீரை விதைக்கப் பிறை சொன்ன ஆளா?"

"அவரேதான். எல்லாம் நுரைச்சுப் போச்சு. நீ ஒரு பாட்டில் கொண்டு போ. கீழ கொட்ட மனசு வரல."

காப்பிக் கடையில் அன்று ஒரியானோவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு வரவேற்பு நடந்தது.

"வாய்யா ஒரியானோ! நாளைக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?"

"அவரைக் கேட்காத. மேற்குன்னுடுவாரு."

"என்னய்யா, மருந்துக்கடை சோடா உன் நிலவறையிலேயே ஊறுதாமே!"

ஒரியானோ மேசையிலிருந்த சீட்டுகளை எடுத்து விசிறிபோலப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பதில் நாக்கு நுனியில் நின்றது. உண்மையைச் சொன்னால் பிறை நிபுணர் பட்டம் மீளும். ஆனால் லாம்ப்ருஸ்கோ வாங்கினவன் என்ற பெயர் வரும். விழுங்கிக்கொண்டார். பூண்டு நடுவதற்குக்கூட எல்லோரும் லெயார்கோவைக் கேட்க ஆரம்பித்தார்கள். லெயார்கோவை! வாளிக்குள் தெரிவது பிறையா வாழைப்பழமா என்று தெரியாதவன்!

ஆனால் வீட்டுக்கு வந்தால் தெர்னா அடுப்படியில் நின்றாள். மாவு உருட்டினாள். அவர் மடித்த கப்பெலெத்தியைப் பார்த்து, "இது என்ன, தொப்பியா கிழிஞ்ச காலுறையா?" என்று கேட்டாள். மோதிரம் விரலில் சுழலாமல் நின்றது. இதற்காக அவர் சூரியன் மேற்கில் உதிக்கும் என்றுகூடச் சத்தியம் செய்திருப்பார்.

மே மாதத்தில் ஒரு நாள் நிலவறைக்குப் போனவர், வெறுங்கையோடு மேலே வந்தார். ஒரு பாட்டில்கூட இல்லை. நுரை இல்லாவிட்டால் பழையபடி தட்டைத் தள்ளிவிடுவாளோ? கதவருகிலேயே நின்றார்.

"தெர்னா... அந்த ஒயின்... தீர்ந்துபோச்சு."

"தெரியும். சாப்பிட வா."

"நீ சாப்பிடுவியா?"

"பசிக்குது. சாப்பிடாம?" அவள் ரொட்டியைப் பிட்டு அவர் தட்டில் ஒன்றும் தன் தட்டில் ஒன்றுமாக வைத்தாள். "உட்காரு. அந்த நிறத்துல நுரை சான்ஜொவேசேக்கு வராது, ஒரியானோ. இத்தாலி முழுக்கப் பிறையைத் தப்பாப் பார்த்தாலும் வராது."

ஒரியானோ உட்கார்ந்தார். உட்காரவில்லை, விழுந்தார்.

"முதல் நாளே தெரியுமா?"

"நுரை கிளாஸ்ல ஏறும்போதே தெரியும். எங்க ஊர்ல பொறந்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஜன்னல்ல நின்னு ஊருக்கெல்லாம் சொன்ன?"

"நீ சொன்னதைத்தானே சொன்னேன். புருஷன் சொல்றத நம்பலேன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது பாரு."

அவர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பின்ன, பசி வந்தது அந்த ஒயின்னாலதானே?"

"ஒயின்னாலயா? தக்கை ஈரம்னு சொன்ன பாரு, ஈரம்னு! சிரிப்பு வந்துடுச்சு. நீ அவ்வளவு தூரம் போயிட்டு வந்திருக்க, மூஞ்சிக்கு நேரா எப்படிச் சிரிக்கிறது? அதான் வாய்ல ரொட்டியைத் திணிச்சேன். மென்னு பார்த்தா, நல்லா இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே லெயார்கோ ஏதோ விசிலடித்துக்கொண்டு கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரியானோ மேசைக்கு மேலாகக் கை நீட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் சதை பிடித்திருந்த கை.

"சரி, போனது போகட்டும்" என்றார். "இது நமக்குள்ளயே இருக்கட்டும். காப்பிக் கடைல யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றாள் தெர்னா. "லெயார்கோ கொண்டு போன பாட்டிலைக் குடிச்சுப் பார்த்துட்டு அவங்கதான் நேத்து வந்து கேட்டுட்டுப் போனாங்க. நீ அடுத்த தப்பு எப்பப் பண்ணுவேன்னு. ஆளுக்கு ஒரு குடுவை வேணுமாம்."