கும்மிருட்டும் நாலு ஏக்கர் வெளிச்சமும்

செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில், மதியம் இரண்டு மணிக்கு ராத்திரியை வரவழைக்கத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. லைசென்ஸ் வாங்கித் தருகிற ஆளிடம் போய் யார் லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கேட்பது? ஊரே அவரைக் கும்மிருட்டு என்றது. மரியாதை தெரிந்தவர்கள் கும்மிருட்டு அண்ணாத்த என்றார்கள்.

தொழில், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். தொண்ணூறுகளின் கடைசியில் நான் செங்கல்பட்டில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவே யோசிக்கிற சம்பளம். ஆனாலும் கார் ஓட்டத் தெரிந்தால் பெண் பார்க்கும்போது மவுசு கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி அவரிடம் சேர்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஜி.எஸ்.டி. சாலையில், எதிரே லாரி வரும்போது!

“அண்ணாத்த, லாரி வருது!”

“வர்து தெரியுது. அதுக்குப் பின்னாடி ஒரு பஸ்ஸும் வந்துகினு கீது. நீ இன்னாத்துக்கு இன்னும் மூணாவது கீருலயே கீற? இன்ஜின் அழுவுது பாரு.”

பார்த்தால் பின்னாலேயே பஸ் வரும். அவருக்குக் கண் என்பது முகத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்த உறுப்பு. மற்ற எல்லாம் காதுதான்.

அந்தக் காதில்தான் சனி புகுந்தது. மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் எடுப்பார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் முதலில் மாட்டுக்கு வழி விடுவதா, மணல் லாரிக்கு விடுவதா என்று தெரியாமல் தவிப்பார்கள். கும்மிருட்டு சொல்லிக்கொடுப்பார். பீஸுக்குப் பதிலாகக் கேசட் வாங்கிக்கொள்வார். எல்லாம் மெஷினில் செய்த இசை. ஒரே சீராக டும் டும் என்று ஓர் அடி, அதன் மேல் கொசு ரீங்காரம், நடுவில் ஜங்ஷனில் ரயில் பெட்டி கோக்கிற சத்தம். ரேடியோவில் வராது, கடையில் கிடைக்காது. கேட்டவன் கேட்டவனுக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மனிதர் அதில் விழுந்துவிட்டார். பாடம் நடக்கும்போதே காரில் போடுவார்.

“அண்ணாத்த, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சுக் கால்மணி நேரம் ஆச்சே.”

“பாடுறவரு எங்க?”

“அவரு வரல. வரவும் மாட்டாரு. நீ கிளட்ச்ச வுடு.”

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குப்பத்தை ஒட்டி, ஓட்டம் நின்றுபோன ஐஸ் கம்பெனி ஒன்று இருந்தது. அதில் ஐஸ் பாளங்களை அடுக்கி வைக்கும் அறையை மாஸ்டர் வாடகைக்குப் பிடித்தார். மரத்தூள் அடைத்த இரட்டைச் சுவர், ஒரு சாண் கனத்துக்குக் கதவு. சாத்தினால் உங்கள் கை உங்களுக்கே தெரியாது. உள்ளே என்ன இரைச்சல் போட்டாலும் வெளியே வலை பின்னுகிறவர் காதில் விழாது. காற்று மட்டும் கறாராக வர மறுத்தது. ஐஸ் இருந்த அறையில் நாங்கள் இட்லி மாதிரி வெந்தோம்.

இந்த இசைக்கு வெளிநாடுகளில் விடிய விடிய ஆடுவார்களாம். எங்களுக்குக் கடைசி பஸ் என்று ஒன்று இருந்தது. வீட்டில் கேள்வி கேட்கவும் ஆள் இருந்தது. ஆகவே கும்மிருட்டு ராத்திரியை ஞாயிறு மதியத்துக்கு மாற்றிவிட்டார். நோட்டீஸ், போஸ்டர் எதுவும் கிடையாது. சனிக்கிழமை அவர் காரின் பின்னால் ‘L’ போர்டு தலைகீழாகத் தொங்கினால் மறுநாள் ஆட்டம் உண்டு. விஷயம் தெரியாதவர்கள், “மாஸ்டர், போர்டு தல கீழா மாட்டிக்கினு போறீங்களே” என்று கூப்பிட்டுச் சொல்வார்கள். “அப்டியா, பாக்கலயே நைனா” என்பார் பெரிய அப்பாவியாக.

வருகிறவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்போம். சிற்பக்கூடத்துப் பையன்கள், அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து ஒரு விஞ்ஞானி, இரண்டொரு வெள்ளைக்காரர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்ஸ். அவரை நாங்கள் சிஸ்டர் என்போம். அறையின் ஒரு மூலையில் மாஸ்டர் இரண்டு டேப் டெக்குகளுடன் நிற்பார். ஒன்று முடியும் முன் இன்னொன்றை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து கோத்துவிடுவார். டெக்கின் சிவப்பு விளக்குக்கும் ஒரு துண்டு கறுப்புத் துணி உண்டு. நான் வயர் பிடிக்கப் போனவன். மூன்றாவது வாரம் வயரைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தேன். எப்படி ஆடினேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் அந்த இருட்டின் வசதி.

இருட்டில் ஆண்களும் பெண்களும் ஆடினால் வம்பு வராதா என்று கேட்பீர்கள். வந்தது. ஒரு ஞாயிறு, பாதி ஆட்டத்தில் சத்தம் டக்கென்று நின்றது. கதவு திறந்தது. வெயில் முகத்தில் அறைய, எல்லோரும் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தோம். கும்மிருட்டு நேராகப் போய், புதிதாக வந்த ஒரு வாலிபனின் தோளில் கை போட்டார். “வா ராஜா” என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் நடத்திக்கொண்டு போய், பஸ் டிரைவரிடம் ஒப்படைத்தார். டிரைவர் அவருடைய பழைய மாணவர். “இவன நடுவுல எங்கியும் எறக்காத. கடைசி ஸ்டாப்புல எறக்கு” என்றார்.

“அந்த இருட்டுல எப்டி அண்ணாத்த கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“எல்லாங் காலும் அததுங்க எடத்துல ஆடிகினு இருந்துச்சு. அந்த ஒரு ஜோடி மட்டும் சிஸ்டர் கால் பின்னாடியே போய்க்கினு இருந்துச்சு. ஆடுற காலு வேற, தொரத்துற காலு வேற.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிமெண்டுத் தரையில் எங்கள் ஒவ்வொருவர் காலையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கால்கள் களைத்தால் வேகத்தைக் குறைப்பார். தயங்கினால் கொஞ்சம் ஏற்றுவார். நாங்கள் பாட்டுக்கு ஆடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாட்டுதான் எங்களுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஐஸ் கம்பெனிக்காரர் இடத்தை லாட்ஜ் கட்ட விற்றுவிட்டார். அறையை இடிக்கப் போகிறார்கள் என்று சொன்னபோது எல்லோரும் உச்சுக்கொட்டினோம். சிஸ்டர் மட்டும் அழுதார். “வார்டுல, பஸ்ல, ஹாஸ்டல்ல, எங்க நின்னாலும் யாராவது பாத்துக்கிட்டே இருக்காங்க மாஸ்டர். வாரத்துல இந்த ரெண்டு மணி நேரந்தான் என்னை யாரும் பாக்கறதில்ல. இது போச்சுன்னா எனக்கு வேற எடமில்ல.”

அதன் பிறகு ஒரு மாதம் கும்மிருட்டு அலையாத இடமில்லை. நெல் குடோன் பார்த்தார், முட்டைக் கிடங்கு பார்த்தார், படாளத்தில் யாரோ சும்மா போட்டிருந்த கோழிப்பண்ணை வரைக்கும் போய்ப் பார்த்தார். ஒன்றில் வெளிச்சம், ஒன்றில் எலி. பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மனை வியாபாரி ஒருவர். அவரும் மாஸ்டரிடம் கார் பழகியவர்தான். திருப்போரூர் பக்கம் நாலு ஏக்கரை மண்ணடித்து நிரவி, கல் நட்டு, கலர் கொடி கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச பஸ் விட்டு, ஜனத்தைக் கூட்டிவந்து, மதியச் சாப்பாடு போட்டு மனை காட்டுவார்.

“அண்ணாத்த, நாலு ஏக்கர் கீது. மேடை போட்டுத் தரேன். ஆளு ஒசரத்துக்கு ஸ்பீக்கர் தரேன். வாராவாரம் உங்க ஆட்டம். ஜனம் வரும், ஜனம் வந்தா மனை போவும்.”

“இருட்டு கெடைக்குமா?”

“இருட்டு இன்னாத்துக்கு? நாலு பக்கமும் ஃபோகஸ் லைட்டு போடறேன். வீடியோவும் உண்டு!”

கும்மிருட்டு என் பக்கம் திரும்பினார். “சிஸ்டருக்கு ஒரு எடம் வோணுமே” என்று என்னிடம் சொல்லிவிட்டு, சரி என்றார்.

அந்த ஞாயிறு மதியம், சூரியன் போதாதென்று ஃபோகஸ் லைட்டுகளும் எரிந்தன. எந்த ஊரிலிருந்தெல்லாமோ வேலைக்கு வந்து குடியேறிய சம்பளக்காரக் குடும்பங்கள், இலவசமாகக் கொடுத்த தொப்பியுடன், சாப்பிட்ட களைப்புடன், பிளாஸ்டிக் நாற்காலிகளில் மேடையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் டும் விழுந்ததும் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போயின. ஜனம் அசையவில்லை. கச்சேரி கேட்பதுபோல் பொறுமையாகக் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “டெஸ்டிங் போதும்ப்பா, பாட்டப் போடுங்க!” என்றார்.

ஐஸ் அறையில் ஆடிய நாங்கள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வீடியோக்காரர் தேடிப்பிடித்து சிஸ்டர் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டினார். “ஆடுங்கம்மா, சும்மா ஆடுங்க, கேசட்டுல நல்லா வரும்.” சிஸ்டர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாப்பாட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மேடையில் கும்மிருட்டு குனிந்து காதைச் சாய்த்தார். புதிதாகக் கொட்டிய செம்மண். அதில் யானை நடந்தாலும் சத்தம் வராது. அவர் டேப்பை நிறுத்தினார்.

“இன்னா ஆச்சு அண்ணாத்த?” என்று மனைக்காரர் ஓடிவந்தார்.

“காலு கேக்கல.”

“இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் வெக்கவா?”

“ஸ்பீக்கர் கேக்குது. காலு கேக்கல.”

இறங்கி சிஸ்டரைத் தேடிப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அண்டாக்கள் ஏற்றிவந்த வண்டி அது, நாலு பக்கமும் தகரம் அடித்து, பின்னால் இரட்டைக் கதவு வைத்த லாரி. அண்டாக்களை இறக்கிவிட்டுக் காலியாக நின்றது. சிஸ்டர் அதன் நிழலில் நின்று, “நான் பஸ் ஏறிப் போறேன் மாஸ்டர், நீங்க நடத்துங்க” என்றார். கும்மிருட்டு சும்மா ஒரு காலைத் தூக்கி லாரிக்குள் வைத்தார். டங் என்றது. இன்னொரு காலை வைத்தார். டங். மனிதர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“டேப்பத் தூக்கினு வாடா!” என்றார் என்னைப் பார்த்து.

மேடையிலிருந்து வயரை இழுத்து, மாஸ்டரின் பழைய சின்ன ஸ்பீக்கரை மாட்டி, நாங்கள் மட்டும் ஏறிக் கதவைச் சாத்தினோம். சாம்பார் வாசனையோடு ராத்திரி வந்தது. மூச்சு முட்டுகிற வரை ஆடிவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியே நாற்காலிகள் காலி. ஜனம் லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

“எறங்குனா தான் ஏற முடியும்! தள்ளாதீங்க, அடுத்த டிரிப்பு உண்டு!” என்று கும்மிருட்டு கண்டக்டர் ஆகிவிட்டார். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிய ஒரு அம்மாள், கொண்டை அவிழ்ந்து இறங்கிவந்தார். “உள்ள என்ன நடக்குது?” என்றார் கணவர். “ஒண்ணும் தெரியலீங்க, ஒரே இருட்டு” என்று சொல்லி, கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றார்.

மனைக்காரருக்கு வயிறு எரிந்தது. “மனை பாக்க ஒரு ஆளு இல்ல, எல்லாம் சாம்பார் வண்டியில நிக்குதுங்க!” என்று கத்திக்கொண்டே நிறுத்துவதற்காக உள்ளே ஏறினார். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு டிரிப் முடிந்து வெளியே வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல், “இந்த வண்டி சாப்பாட்டுக்கு அப்புறம் சும்மாதான் நிக்கும். வோணும்னா எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கொடிக்கம்பத்தைச் சரிபார்க்கப் போனார்.

அப்புறம் சில வருஷங்கள் எங்கள் ராத்திரி லாரியில்தான் நடந்தது. இன்று கருங்குழியில், அடுத்த வாரம் சவுக்குத் தோப்பில் என்று வண்டி நின்ற இடமெல்லாம் ஊர். சிஸ்டர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

பெரிய கூட்டத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. பின்னாளில் கடற்கரைச் சாலையில் இதே இசைக்குப் பெரிய மைதானத்தில் விழா வைத்தார்கள். அலுவலக நண்பர்களுடன் போனேன். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் குதித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேருக்கு நடுவிலும் ஒருவன் தொலைந்துபோக முடியும், அதுவும் ஒரு சுகம்தான். கும்மிருட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அது கடலு நைனா. இது குளிக்கிற ரூமு. கடல் பெருசா கீதுன்னு வூட்ல ரூம இடிச்சிடுவியா?”

கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியை அவரிடம் கார் பழகச் சேர்த்துவிடப் போனேன். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வழக்கம்போல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் என் மனைவி சொன்னாள்: “இவருக்கு ஆட்டம் பாட்டம்னாலே ஆகாதுங்க. கல்யாண வீட்டுல எல்லாரும் ஆடினாக்கூட இவரு தூண் மாதிரி நிப்பாரு.”

கும்மிருட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து என் கால்களைப் பார்த்தார். “அப்டியாம்மா?” என்றார். திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

இன்றைக்கும் நான் அவரிடம் பத்திரமாகத்தான் இருக்கிறேன்.