வெந்நீரிலும் போகாத பங்காளி

கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்கள் அதைக் கேட்டிலேயே செருகிவிட்டு ஓடிய வீடு, புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒன்றுதான் இருக்கும். திருக்கோகர்ணத்தில் பங்காளி சார் குடியிருந்த மாடி. ஒரே கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு பத்திரிகை வைக்காமல் இருக்க முடியாது. வைத்தால் மனிதர் வந்துவிடுவாரோ என்று பயம். கீழ்வீட்டில் குடியிருந்த நான் இந்த ஓட்டத்தையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்து ரசித்திருக்கிறேன்.

அவர் உயிரித் தொழில்நுட்பம் நடத்தினார், நான் வணிகவியல். முதல் வகுப்பிலேயே அவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. மரபணுக் குடும்பம் என்றால் என்ன என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். "பங்காளிங்கம்மா. ஒரே பாட்டன்கிட்டேருந்து பிரிஞ்சவங்க. சாடை ஒண்ணா இருக்கும், பொழப்பு வேற வேறயா இருக்கும்" என்றாராம். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

கடலைச் செடியில் நோயை எதிர்த்து நிற்கிற மரபணுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்து நாட்டுக் கடலையில் அந்தக் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. அதற்கு ஒரு கண்ணாடிச் சில்லு வைத்திருந்தார். அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான புள்ளிகள், புள்ளிக்கு ஒரு மரபணுத் துண்டு. செடியின் டி.என்.ஏ.வில் ஒளிரும் சாயத்தை ஏற்றிச் சில்லின் மேல் விட்டு ஊறவைப்பார். எது எந்தத் துண்டுக்கு இணையோ, அது அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உப்பைக் குறைத்து, சூட்டைக் கூட்டிக் கழுவ வேண்டும். சும்மா ஒட்டியவன் முதல் கழுவலில் போய்விடுவான், தூரத்துச் சொந்தம் அடுத்த கழுவலில். வெந்நீர் ஊற்றியும் போகாமல் எந்தப் புள்ளி மினுங்குகிறதோ, அவன்தான் ஆள். இப்போதெல்லாம் மொத்த டி.என்.ஏ.வையும் ஒரே மூச்சில் படித்துத் தள்ளும் மெஷின் வந்துவிட்டது. இவர் மட்டும் சில்லை விடவில்லை.

மனிதர்களையும் அப்படித்தான் கழுவினார். மாடியில் அவரோடு தங்க வந்த ஒருவரிடம், நீங்கள் சாப்பிடும் சத்தம் ஆடு தழை தின்பது மாதிரி இருக்கிறது என்றார். அவர் அந்த வாரமே காலி செய்தார். அடுத்து வந்தவரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது, பாவம், அவர் வாளியை விட்டுவிட்டே போய்விட்டார். என்னிடம் வணிகவியல் ஒரு பாடமே இல்லை, அது கடை என்றார். நான் போடும் காபியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. கோட்டைப்பட்டினத்துக்காரனான எனக்கும் வாய் உண்டு, திருப்பிக் கொடுத்தேன். ஆனால் வீட்டைக் காலி செய்யவில்லை. அன்பு கின்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு நன்றாக இருந்தது.

கல்யாண வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி ஆபீஸ் சூப்பிரண்டு வீட்டுக் கல்யாணம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பங்காளி சார், தாய்மாமன் சீர் நடக்கும்போது எழுந்து, சீர் செய்கிறவருடைய காது இந்த வீட்டுக் காது இல்லை என்று உரக்கச் சொன்னார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நிஜம்தான், பெண்ணின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் தாய்மாமனாக நின்றார்.

சூப்பிரண்டு கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார்: "எம்புள்ளைக்குக் காது குத்துனப்ப மடி குடுத்தவரு சார் அவரு. அன்னையிலேருந்து இவருதான் தாய்மாமன். நீங்க ஒக்காருங்க."

இவர் உட்காரவில்லை, சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டார். "இரவலுக்கு ஆள் வச்சா சொந்தமாயிருமா?" என்று வழியெல்லாம் என்னிடம் பொருமினார். அன்றிலிருந்துதான் கேட்டில் பத்திரிகை செருகும் வழக்கம் வந்தது.

சில்லைப் படிக்கும் கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது, திருச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும் என்று கறுப்புத் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக்கொள்வார். வெயில் வரும் பக்கம் உட்கார்ந்து மறைக்க ஓர் ஆள் வேண்டும். அந்தத் திரைச்சீலை நான்தான். டப்பாவில் என்ன என்று ஒருநாள் கண்டக்டர் கேட்டார். பங்காளிகள் இருக்கிறார்கள் என்றார் இவர். "அப்ப ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துருங்க சார்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தானாகப் பேசினார். ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் இருக்கிறது அவர் குலசாமி. மாசி சிவராத்திரிக்கு ஒவ்வொரு வம்சமும் தனித்தனியாகப் பொங்கல் வைக்க வேண்டும். பானையைக் கிண்ட ஒருவர், பூசாரியிடம் தட்டு வாங்க ஒருவர், குறைந்தது இரண்டு பங்காளிகள். இவர் வழியில் மிச்சமிருந்தது இவரும் திருப்பூரில் இருந்த பெரியப்பா மகனும்தான். அந்த அண்ணனும் போன ஐப்பசியில் இறந்துவிட்டார். இந்த மாசிக்கு இரண்டாவது ஆள் இல்லையென்றால் பூசாரி இவர் அடுப்பை வரிசையிலிருந்தே எடுத்துவிடுவார்.

"எங்க அப்பாரு வச்ச அடுப்பு, கோட்டப்பட்டினம்" என்றார். என்னை ஊர் பெயரால்தான் கூப்பிடுவார். நான் வேண்டுமானால் வந்து நிற்கிறேன் என்றேன். வெடுக்கென்று திரும்பி, "இரவல் பங்காளியா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் திருச்சி வரை வெயிலை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சில்லு கெட்டது. குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுவான பகுதியிலிருந்து துண்டுகளை எடுத்துப் புள்ளி வைக்கச் சில்லு செய்கிறவர்களிடம் சொல்லியிருந்தார் போல, அத்தனை புள்ளியும் தேர்த்திருவிழா மாதிரி எரிந்தது. எல்லோரும் சொந்தம் என்றால் யாரையும் கண்டுபிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அடுத்ததற்குக் கோபத்தில் சூட்டைக் கூட்டிவிட்டார், எல்லாம் கழுவிப் போய்க் கன்னங்கரேலென்று வந்தது. அந்த வாரம் மாடியில் நடக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க உலகத்தில் ஓர் ஆள் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மனசு கேட்காமல் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டாமல் குடித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசிச் சில்லின் முடிவு மாசி பிறந்த பிறகு வந்தது. காலையில் என் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஒருத்தன் நிக்கிறான் கோட்டப்பட்டினம்" என்றார். "அந்தப் புள்ளிக்கு அவன் முழுப் பொருத்தம் கெடையாது. டி.என்.ஏ. எழுத்து அங்கங்க மாறியிருக்கு. கழுவுனா போயிருக்கணும். நல்லா வெந்நியில கழுவியும் மங்கலா மினுங்கிக்கிட்டு நிக்கிறான்."

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"குடும்பத்து ஆளு. யாரும் இதுவரைக்கும் கணக்குல சேக்கலை, அம்புட்டுதான்."

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். என் தோளுக்குப் பின்னாலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "சிவராத்திரிக்கு வேலை ஏதும் இருக்கா ஒங்களுக்கு?" என்றார்.

முந்திரிக்காட்டில் வரிசையாக அடுப்புகள். மற்ற அடுப்புகளைச் சுற்றி மாமன், மச்சான், பிள்ளைகள் என்று இரைச்சல். எங்கள் அடுப்பில் அவரும் நானும். பானை பொங்கும் நேரத்தில் பூசாரி தட்டோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு யாரு? ஒங்க வழியில சாடையே காணோமே."

கூட வேலை பார்க்கிறவன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பங்காளி சார் கிண்டுவதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை.

"சாடையப் பாக்காதீங்க பூசாரி. நானும் எம்புட்டோ வெந்நிய ஊத்திப் பாத்துட்டேன், போகலை. பங்காளிதான். தட்டக் குடுங்க."

பூசாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அடுப்புக்குப் போனார்.

சார் ஓய்வு பெற்று இப்போது ஆலங்குடிப் பக்கமே போய்விட்டார். மாசியில் முதல் பஸ்ஸைப் பிடித்து நானும் போய்விடுகிறேன். எதற்கு இவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்டால், அங்கேயும் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.