வெளிநாட்டு முதலை வரவேற்பவர்

மனித இனத்தில் வருகவருகர் என்றொரு வகை உண்டு. நாட்டின் பொருளாதாரம் வளர்கிறது என்ற செய்தி காதில் விழுந்த மறுநிமிடம், வெளிநாட்டிலிருந்து முதல் போட யாராவது வருவார் என்று கதவை அகலத் திறந்துவைத்து, வந்தவர் உள்ளே நுழைய முடியாதபடி அந்தக் கதவுக்கு நடுவில் தாமே நின்றுகொண்டிருப்பவர் இவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறைவாக இருக்கும் பழக்கம் இவருக்கு இல்லை.

எங்கள் ஊர் வருகவருகருக்கு வயது அறுபத்தொன்று. தொழில் வளர்ச்சி வரவேற்புக் குழுவின் தலைவர். அந்தக் குழுவின் பதிவேட்டை நான் எழுதி வருவதால், இங்கே வரும் எண்களை நீங்கள் நம்பலாம். ஆறு ஆண்டுகளில் ஒன்பது வெளிநாட்டுக் குழுக்கள் வந்து போயின. கொடுத்த பூச்செண்டுகள் இருநூற்றுப் பதினேழு. திரும்பி வந்தவர் ஒரே ஒருவர். அவரும் மறந்துவைத்த குடையை எடுக்க வந்தார். தொழிற்சாலைக்கென்று ஒதுக்கிய மனையில் ஐந்து அடிக்கற்கள் நட்டாகிவிட்டன. இனி அங்கே யாராவது நிஜமாகவே கட்டடம் கட்ட வந்தால், அவற்றைப் பிடுங்குவதுதான் முதல் வேலை.

நாட்டின் வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று அவரைக் கேளுங்கள், தசமத்தோடு சொல்வார். மறுநாள் கேளுங்கள், வேறு தசமம் சொல்வார். "உலகமே நம்மளத்தான் பாக்குது" என்பது அவருடைய ஓயாத வாசகம். பார்த்துவிட்டு அப்படியே போய்விடுகிறதே, அதைப் பற்றி என்ன சொல்கிறார்? அதற்குள் அடுத்த பூச்செண்டு வந்துவிடும்.

இவ்வளவு பாடும் நாட்டுக்காக மட்டுமா? இல்லை. வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறார். வேலை போய், பெண்டாட்டியோடு மாமனார் வீட்டுக்கு 'ரெண்டு வாரம்' தங்க வந்து, இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. மாமனாரின் சாய்வு நாற்காலி இப்போது மாப்பிள்ளையுடையது. செய்தித்தாளும் முதலில் அவருக்குத்தான் போகும். குறுக்கெழுத்துக் கட்டங்கள் நிரம்பித்தான் மாமனார் கைக்கு வரும். தவறாக நிரம்பி.

"மாமா, இந்த நாற்காலி முதுகுக்கு ஒத்துக்கல. வேற வாங்கக் கூடாதா?" என்று மாப்பிள்ளை படுத்தபடியே கேட்ட அன்று, வருகவருகரின் மனைவி அடுப்படியிலிருந்து தீர்ப்புச் சொன்னார்: "இந்தத் தடவை வர்றவர் ஆலை வெச்சு, அதுல இவருக்கு ஒரு வேலை கெடைக்கலேன்னா, மாடி ரூமை இவருக்கே எழுதிக் குடுத்துருங்க. நாம ரெண்டு பேரும் ஹால்ல பாய் போட்டுக்கலாம்."

ஆகவே பத்தாவது விருந்தாளிக்கு ஏற்பாடுகள் பலமாக நடந்தன. அவர் அட்டைப்பெட்டி செய்யும் ஆலைக்கு இடம் தேடி வருபவர். ஒரே நாள்தான் இருப்பார். மூன்று மணிக்குக் கிளம்பிப் பக்கத்து ஊர் மனையையும் பார்த்துவிட்டு, இரண்டில் ஒன்றை முடிவு செய்வார். வருகவருகர் மண்டப வாசலுக்குத் துணிப்பதாகை எழுத ஓவியரிடம் ஒரு சீட்டுக் கொடுத்தார். அதில் இருந்த வாசகம்: 'வெளிநாட்டு முதலை வரவேற்போம்.' பெரிதாக எழுதி, பொருத்தமாக ஒரு படமும் போடச் சொன்னார்.

ஓவியர் பொருத்தமாகவே போட்டார். பதினெட்டு அடி நீளம். வாலை மடக்கி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, தலையில் வெளிநாட்டுத் தொப்பியுடன் ஒரு முதலை.

"என்னய்யா இது?"

"முதலைங்க."

"பணம்யா! முதல்னா பணம்! அதத்தான் முதலைன்னு எழுதினேன்!"

"நானும் முதலைன்னுதாங்க படிச்சேன். வெளிநாட்டு முதலைன்னதால தொப்பி வேற போட்டேன்."

அழிக்க நேரமில்லை. கார் வந்துவிட்டது.

விருந்தாளி இறங்கினார். ஒல்லியான, மரியாதையான மனிதர். பதாகையை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் வழியெல்லாம் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். அவருடைய ஆலைக்கு உயிரே அதுதான். அட்டைக்குக் கூழ் கரைக்கவே ஒரு நாளைக்கு மூன்று லட்சம் லிட்டர் வேண்டும். வருகவருகரின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, அந்தச் சொல்லைக் கேள்வியாகக் கேட்டார்:

"தண்ணீர்?"

வருகவருகர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, எவ்வளவு அழகாத் தமிழ் பேசறாரு! யாரங்கே, ஐயாவுக்குத் தண்ணி!"

பாட்டில் வந்தது. அப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு.

மொழிபெயர்க்க ஒரு டீச்சரை அமர்த்தியிருந்தார்கள். அவர் பாவம், வரவேற்புரையை மொழிபெயர்த்து, வாழ்த்துரையை மொழிபெயர்த்து, வாழ்த்துரைக்கு நன்றியுரையை மொழிபெயர்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இடையிடையே விருந்தாளி மெதுவாகக் கையைத் தூக்கி, "தண்ணீர்?" என்பார். ஒரு பாட்டில் வரும். கைகளை விரித்து, 'எவ்வளவு' என்று காட்டுவது போல, "தண்ணீர்?" என்பார். பெரிய பாட்டில் வரும்.

"ஐயா, அவர் குடிக்கக் கேக்கல" என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர். ஊர் ஊராப் போறவரு, தொண்டை கட்டியிருக்கும். சுடுதண்ணி வேணுமான்னு கேளுங்க."

"அதில்லீங்கய்யா, அவர் என்ன கேக்கறாருன்னா..."

"கேள்விக்கு ஒன்பதாவதா அஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கு. இப்ப மூணாவதுதான் நடக்குது. நீங்க என் பேச்ச மட்டும் பாருங்க."

மணி பன்னிரண்டு நாற்பதுக்கு விருந்தாளி முன்னால் எட்டு பாட்டில்கள் நின்றன. மரியாதைக்காரர் என்றேனே, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஆறாவது நிகழ்ச்சியின் நடுவில் அவர் சட்டென்று எழுந்தார். வளர்ச்சி விகிதத்தைக் கேட்டு மெய்ம்மறந்து எழுந்துவிட்டார் என்று சபை கைதட்டியது. அவர் இரு பக்கமும் கும்பிட்டபடி, சற்று அவசரமாக, கழிப்பறைக்குப் போனார்.

பேச்சு நின்றதா? நிற்குமா? நாற்காலி இருக்கிறதே! வருகவருகர் அதைப் பார்த்தே பேசினார்.

கழிப்பறையில் பம்பு ஆபரேட்டர் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கே தண்ணீர் ஏற்றும் மனிதர். விருந்தாளி இருக்கும்வரை குழாய் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும்படி கையில் ஸ்பேனரோடு அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். விருந்தாளி கை கழுவினார். குழாயைப் பார்த்தார், ஸ்பேனரைப் பார்த்தார், கடைசி நம்பிக்கையோடு கேட்டார்:

"தண்ணீர்?"

இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அந்தக் கேள்வியை ஆபரேட்டரிடம் கேட்ட முதல் ஆள் இவர்தான். ஆபரேட்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். எண்கள் தீர்ந்த இடத்தில் டீச்சர் தேவைப்பட்டார். விருந்தாளியைத் தேடி வந்த அவர் ஆண்கள் கழிப்பறைக்கு வெளியே, சுவரைப் பார்த்து நின்றபடி, கதவு இடுக்கு வழியாக மொழிபெயர்த்தார்.

"தினம் நாலு லட்சம் லிட்டர் மிச்சம் இருக்கு சார். ஆனா வெயில் காலத்துல நாப்பத்திமூணு நாளைக்குப் பாதிதான் வரும். அத இப்பவே சொல்லிடறேன். அப்புறம் நீங்க வந்து என் சட்டையத்தான் புடிப்பீங்க."

உள்ளே விருந்தாளி ஏதோ கேட்டார். டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார்: "தண்ணியில முதலை நெறைய இருக்கான்னு கேக்கறார்."

"ஐயையோ! குழாய் வாயில சல்லடை போட்டிருக்கேன் சார். மீன் குஞ்சு கூட வராது."

பதினெட்டு நிமிடம் பேசினார்கள். நாற்பத்திமூன்று நாளைக்கு ஒரு தொட்டி கட்டிக்கொள்ளலாம் என்று விருந்தாளி கணக்குப் போட்டார். எல்லாம் தாராளமாக இருக்கிறது என்றுதான் இதுவரை பார்த்த ஊர்களிலெல்லாம் சொன்னார்களாம். குறையைச் சொன்ன ஊர் இது ஒன்றுதானாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, கை கழுவும் தொட்டியின் விளிம்பில் தாளை வைத்து, இந்த ஊர்தான் என்று எழுதி அங்கேயே கையெழுத்துப் போட்டார். பக்கத்து ஊருக்கு அவர் போகவேயில்லை.

வருகவருகர் என்ன சொன்னார் தெரியுமா? "பேச்சுன்னா அப்படி இருக்கணும்!"

பதினான்கு மாதத்தில் ஆலை வந்தது. தண்ணீர்ப் பிரிவுக்கு ஆபரேட்டரையே தலைவராக்கினார்கள். உதவியாளர் வேலைக்கு மாப்பிள்ளையும் நேர்முகத்துக்குப் போனார். "தண்ணி எவ்வளவு வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று ஆபரேட்டர் கேட்டார். "மீட்டரைப் பார்த்து" என்றார் மாப்பிள்ளை. ஒரே வரியில் பதில் வந்த திகைப்பிலேயே வேலை கொடுத்துவிட்டார்கள்.

வருகவருகருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். முதல் நாள் காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு மாப்பிள்ளை ஆலை வாசலுக்குப் போனால், அங்கே பந்தல், ஒலிபெருக்கி, பூச்செண்டு, மாமனார். "இந்த இனிய காலைப் பொழுதிலே..." என்று தொடங்கி முடித்தபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. உள்ளே போனவருக்கு முதல் நாளே அரை நாள் விடுப்பு போட்டார்கள். இரண்டாம் நாள் 'இரண்டாம் நாள் வாழ்த்து.' மூன்றாம் நாள் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. ஆலைக்குள்ளயே ஒரு ரூம் தர்றாங்க. கேட்டுக்கு இந்தப் பக்கம் வராமலே வேலைக்குப் போயிடலாம்."

மகளும் கூடவே போனாள். மூன்றரை வருடமாக எந்த முதலாலும் நடக்காத காரியத்தை இரண்டு வரவேற்புரைகள் நடத்திவிட்டன. வருகவருகர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். மாப்பிள்ளை சொன்னது சரிதான், முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சின்னக் கணக்கு. போன மாதம் உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார், நினைவிருக்கிறதா? வாங்க வாங்க என்றீர்கள். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினீர்கள். பையனின் மதிப்பெண்ணைச் சொன்னீர்கள், புது அலமாரியைக் காட்டினீர்கள், விலையைச் சொன்னீர்கள், நாடு எங்கே போகிறது என்றும் சொன்னீர்கள். அவர் மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் தட்டை அவர் பக்கம் நகர்த்தினீர்கள். அப்புறம் தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தீர்கள்.

எல்லாம் சரி. அவர் என்ன கேட்க வந்தார்?